பழைய கார்டும் ஒரு மீசையும்

‘ஓடும்பா’ ஆசாமிகள் என்று ஓர் இனம் உண்டு. காஞ்சிபுரத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த பிறகு இவர்கள் ரொம்பவே பெருகிவிட்டார்கள். புது கேம் எது வந்தாலும், அதன் பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும், திரையில் படம் காட்டுவதற்கென்று தம் கம்ப்யூட்டருக்குள் செருகியிருக்கும் பழைய கிராபிக்ஸ் கார்டிலேயே அது ஓடும் என்று சத்தியம் செய்வார்கள். நீங்கள் கேட்டீர்களா? கேட்காவிட்டாலும் செய்வார்கள்.

எங்கள் பிள்ளையார்பாளையம் நமச்சிவாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டுச் சேலைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவர். கரையில் ஒரு மயிலுக்கு ஒரு கட்டம் குறைந்தாலும் மொத்தத்தையும் அழித்துப் புதிதாகப் போடுவார். அவ்வளவு கறார். சாயங்காலம் அதே கம்ப்யூட்டரில் துப்பாக்கி கேம் ஆட உட்கார்ந்தால் மட்டும் மகா தாராளம். 2001இல் வாங்கிய கார்டை இந்த 2006இலும் மாதம் ஒருமுறை கழற்றி, அதன் செருகுமுனைப் பல்லை அழிரப்பரால் தேய்த்து, ஊதி, மறுபடி செருகி, கேபினெட்டின் பக்கத் தகட்டை எடுத்துவிட்டு டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பிவைத்தால் அது புதுக் கார்டு என்பது அவர் சித்தாந்தம். வேர்ப்பது அவருக்கு. காற்று கார்டுக்கு.

அவருடைய பள்ளித் தோழர், சின்னக் காஞ்சிபுரம் கணக்கு வாத்தியார் யதிராஜன், புதிதாக வந்த போர் கேம் சிடியோடு ஒருநாள் வந்தார்.

“ஓடாதுடா. உன் கார்டு பழைய தரம். பொட்டியிலயே போட்டிருக்கான் பார்.”

“அதெல்லாம் புதுக் கார்டு விக்கிறதுக்குப் போடறதுபா. இது ஓடலைன்னா மீசைய எடுத்துடறேன்!”

சொல்லிவிட்டார். இருபது வருஷ மீசை. அந்த வெள்ளிக்கிழமை மச்சினன் கல்யாணம் வேறு. மீசையில்லாமல் போய் நின்றால், யார் போய்விட்டார்கள் என்றல்லவா கேட்பார்கள்? சிடியைப் போட்டுவிட்டு மவுஸைப் பிடித்தார்.

கேம் திறந்தது. படம் அசையவில்லை. பாரம் குறைந்தால் ஓடும் என்று செட்டிங்கில் போய் நிழலை எடுத்தார். புல்லை எடுத்தார். ஆற்றிலிருந்து தண்ணீரை எடுத்தார். மரங்களையும் புகையையும் எடுத்து, சிப்பாயின் முகத்தையும் எடுத்தார். கடைசியில் வெறும் சாம்பல் நிறப் பொட்டலில், தபால்தலை அளவுப் படத்தில், மூக்கும் வாயும் இல்லாத ஓர் ஆள், நாம் நான்கு எண்ணி முடிப்பதற்குள் ஓர் அடி எடுத்துவைத்தான். உடனே செத்தான். சுட்டது யார்? தெரியவில்லை. எதிரியையும் எடுத்தாயிற்று போலிருக்கிறது.

“பாத்தியா, ஓடுது!”

“இதுவா ஓடறது? ஊர்ந்துண்டிருக்குடா!”

காபி கொண்டுவந்த நமச்சிவாயத்தின் மனைவி வடிவாம்பாள் திரையை எட்டிப் பார்த்தாள்.

“நெழலு, புல்லு, தண்ணி, அந்தாளு மூஞ்சி, எல்லாத்தையும் எடுத்துட்டீங்க. உங்க மீசதான் பாக்கி இருக்குது. அதையும் எடுத்துட்டா வேகமா ஓடுமோ இன்னாமோ!”

வெள்ளிக்கிழமை கல்யாண மண்டபத்தில் நமச்சிவாயத்தைப் பார்த்தேன். உதட்டுக்கு மேலே, ஒற்றை ஜரிகை இழை அகலத்துக்கு ஒரு கோடு.

“இன்னாபா இது?”

“கொறச்சு வெச்சிருக்கேன்பா. இருக்குது இல்ல? போதும்.”

சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டு டிவி தலையில் தட்டினால்தானே படம் காட்டுகிறது? ரிமோட்டை ரப்பர் பேண்டு அல்லவா பிடித்துக்கொண்டிருக்கிறது? ‘ஓடுதே, அது போதாதா’ என்றுதானே சொல்லவருகிறீர்கள்? சொல்லுங்கள். அதற்கு முன் மேலுதட்டை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.