கியர்பெட்டிக்குக் கழிப்பு

தேற்றாத்தீவுச் சாமியாரின் வளவுக்கு முன்னால் வெள்ளிக்கிழமைகளில் கார்கள் வரிசை கட்டி நிற்கும். எல்லாம் ஓட்டோ கியர் கார்கள். மனிதரைப் பிடித்த பேயை ஓட்டுவதில் இப்போது மதிப்பில்லை. சாமியார் கியர்பெட்டிப் பேயில் தேர்ச்சி பெற்றவர். பெட்டியைத் திருத்திய பிறகும் கார் வெட்டி வெட்டி இழுத்தால், நேரே இங்கேதான் வருவார்கள்.

பேயை விரட்டும் இந்தக் கழிப்பு எளிது. காரின் முன்மூடியான பொனற்றைத் திறந்து, கறுப்புச் சீலையால் மூடி, வேப்பிலைக் கட்டோடு சாமியார் தலையை உள்ளே விடுவார். மந்திரம் முழங்கும். கொஞ்சத் தூரம் ஓடியதும் கார் வழிக்கு வந்துவிடும். கிறீஸ் நாற்றத்தில் குடியிருக்கும் பேய்க்கு வேப்பிலை மணம் ஆகாதாம்.

காத்தான்குடி றுஸ்தி தன் காரைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டிருந்தார். "பேய் போன கையோட கார்ட மணிக்கூடு பன்னிரண்டுக்குத் திரும்பிட்டு. ரேடியோ ஸ்டேசனெல்லாம் அழிஞ்சிட்டு. காலத்தையே திருப்பிட்டாரு!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

வரிசையில் ஆரையம்பதி அருமைநாயகத்தின் வாடகைக்கு ஓடும் ஹயர் காரும் நின்றது. கூட வந்த மருமகள் யசோதினி கேட்டாள். "பேய்க்கு ரேடியோ எதுக்கு?"

சாமியாருக்குக் காது கூர்மை. காரைச் சுற்றி வந்து மோந்து பார்த்தார். "இவ வீட்டுக்கு வந்த நாள்ள இருந்துதான் இந்தப் பீடை. இவ இரிக்கிற வரைக்கும் கழிப்புப் பலிக்காது. தாய் வீட்டுக்கு அனுப்பு."

அவள் புருஷன் கட்டாரில் வேலை. அவளுக்காகப் பேச ஆளில்லை. அருமைநாயகம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "உடுப்பக் கட்டு புள்ள."

யசோதினிக்குக் கண் கலங்கியது. குரல் கலங்கவில்லை. "போறன் மாமா. அதுக்கு முதல் சாமி மந்திரத்தச் சொல்லட்டும். பொனற் பூட்டியே இரிக்கட்டும்."

"திறக்காம பேய் எப்பிடிப் போகும்?"

"பூட்டின காருக்குள்ள வந்த பேய்க்குப் போகத் தெரியாதா?"

யாரோ சிரித்துவிட்டார்கள். சாமியாருக்கு வேறு வழியில்லை. தொண்டை வறளும் வரை மந்திரம் சொன்னார். கார் நகர்ந்ததும் போட்ட வெட்டில் அருமைநாயகத்தின் நெஞ்சு ஸ்டியரிங்கில் போய் இடித்தது.

"அந்தக் கட்டத் தாங்க" என்று யசோதினி வேப்பிலையைப் பறித்து உதறினாள். உள்ளிருந்து ஸ்பனர் விழுந்தது. பேய்க்கு அதுவும் ஆகாது போலும்.

பொனற்றைத் திறந்து அதே ஸ்பனரால் பற்றரி வயரைக் கழற்றிவிட்டு, மந்திரத்துக்குப் பதிலாக ஒரு பிளேன்ரீ குடித்தாள். பிறகு வயரைத் திரும்பப் பூட்டினாள். அருமைநாயகம் காரைக் களுவாஞ்சிகுடி வரை ஓட்டித் திரும்பினார். கார் ஒரு வெட்டும் வெட்டவில்லை. மணிக்கூடு பன்னிரண்டிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தது.

"கார்ட கொம்பியூட்டர் பழைய கியர்பெட்டிக்கு ஏத்த மாதிரிப் பழகினது. பெட்டியத் திருத்தினது அதுக்குத் தெரியா. கரண்ட வெட்டினா பழசு மறந்து, ஓட ஓடப் புதுசாப் படிக்கும். இவ்வளவுதான் சாமிட சக்தி" என்றாள் யசோதினி.

சாமியார் கறுப்புச் சீலையைச் சுருட்டிக்கொண்டு பின்வளவுப் பக்கம் நடந்தார்.

"ஏறு புள்ள, வீட்ட போவம்" என்றார் அருமைநாயகம், அவள் முகத்தைப் பார்க்க முடியாமல்.

அவள் ஏறப் போகையில், அடுத்த கார்க்காரர் கழிப்புக்கான தேசிக்காய்த் தட்டோடு வந்து கும்பிட்டார். "அம்மா, எங்கட காருக்கும் ஒரு கழிப்பு..."

யசோதினி அவரையும் கூட்டத்தையும் ஒருமுறை பார்த்தாள்.

"காருக்கே பழச மறந்து புதுசு படிக்கத் தெரியிது. நீங்க எப்ப படிக்கப் போறீங்க?"