ஏழாம் மேசையிலிருந்து மச்சானுக்கு

சேசு மரி சூசை துணை

பாலக்கரை, திருச்சி,
19-6-1966, ஞாயிறு.

திண்டுக்கல்லில் தலைமையாசிரியராக இருந்து ஊரார் பிள்ளைகளையெல்லாம் வழிக்குக் கொண்டுவரும் மதிப்பிற்குரிய மச்சான் ஸ்தனிஸ்லாஸ் அவர்களுக்கு, உங்கள் தங்கை லூர்துவின் கணவன் அற்புதசாமி தோத்திரம் சொல்லி எழுதுவது. இவ்விடம் சர்வேசுரன் கிருபையால் எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் இப்போதுதான் பூசை கண்டு வந்திருக்கிறேன், வந்த காலோடு பொய் எழுத மனம் வரவில்லை. உடம்பில் எல்லோரும் நலம். மற்றபடி இந்த வீட்டில் வெள்ளிக்கிழமை ராத்திரியிலிருந்து யாரும் யாரோடும் பேசுவதில்லை.

உங்கள் மருமகள் அமலராணி பி.யூ.சி.யில் முதல் வகுப்பில் தேறினதை உங்களுக்குக் கார்டு போட்டேன் அல்லவா, அதோடு சந்தோஷம் முடிந்தது. நம் தெருவுக்கு அடுத்த தெருவிலேயே பெண்கள் கல்லூரி இருக்கிறது, பி.எஸ்ஸி. கணக்குக்கு இடம் தருகிறோம் என்று சிஸ்டரே சொல்லியனுப்பினார்கள், பெண் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டு மறுபடி வகுப்புக்குப் போகலாம். இவளோ, கோயம்புத்தூர்ப் பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் ஓர் இன்ஜினீயரிங் காலேஜுக்கு எழுதிப்போட்டு, விவரப் புத்தகத்தை வரவழைத்துவிட்டாள். சரி, இன்ஜினீயரிங் என்றால் பாலம் கட்டுவதா, கரண்டா, மெஷினா என்று கேட்டேன். மூன்றும் இல்லையாம். இண்டஸ்ட்ரியல் இன்ஜினீயரிங்காம். ஐந்து வருஷம். அது என்ன செய்யும் என்று பங்குச் சாமியாரைக் கேட்டேன், அவர் ஏதோ சோப்பு செய்கிற படிப்பாக இருக்கும் என்றார். காந்தி மார்க்கெட்டில் எலுமிச்சை மண்டி வைத்திருக்கும் அப்துல் ரஹீம் பாயைக் கேட்டேன், இண்டஸ்ட்ரி என்றால் லோன் கொடுக்கிற டிபார்ட்மெண்ட் என்றார். கடைசியில் அவளையே கேட்டதற்கு, "அது எதையும் கட்டாதுப்பா. கட்டுறவங்க ஒரு செங்கல்லுக்கு ஏன் ரெண்டு தடவை குனியிறாங்கன்னு பாக்கும்" என்றாள். குனிகிறவனைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கு ஐந்து வருஷமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் நீங்கள் வளர்த்த பெண்ணின் வயிற்றில் பிறந்தவள் ஆயிற்றே, நான் வாயைத் திறக்கவில்லை.

விவரப் புத்தகத்தில் இருக்கும் நிபந்தனைகளைச் சொல்கிறேன், கேளுங்கள். கணக்கு, பௌதிகம், ரசாயனம் மூன்றிலும் நல்ல மார்க் வேண்டும், அது இருக்கிறது. வைத்தியர் சர்டிபிகேட் வேண்டும். அந்தப் பாரத்தில் மூச்சை இழுத்தால் மார்பளவு எத்தனை, விட்டால் எத்தனை என்று ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். லேடி டாக்டர் அதைப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். பாரத்தை அச்சடித்தது நான் இல்லை என்று சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அவர் அந்தக் கட்டத்துக்குக் குறுக்கே கோடு கிழித்து, 'விண்ணப்பதாரர் பெண்' என்று எழுதிக் கொடுத்தார். அடுத்து, சர்டிபிகேட் நகல்களில் கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து வேண்டும். எனக்குத் தெரிந்தவருக்குத் தெரிந்த கெஜட்டட் ஆபீசர் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார் என்று வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன். திருவானைக்காவலில் டயர் வெடித்தது. மீதித் தூரம் வெயிலில் நடந்து, சித்திரை வீதியில் அவர் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்துப் போய் நின்றால், அவர் ரொம்ப மரியாதையாக உட்கார வைத்து, மோர் கொடுத்து, எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தையும் கோயிலில் வாங்கின ஞானஸ்நான சர்டிபிகேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "உங்க பொண்ணு அவதாரம் பண்றதுக்கு இருபது நாள் முன்னாடியே ஞானஸ்நானம் ஆயிருக்கே, இது எப்படி ஸ்வாமி சாத்தியம்?" என்று கேட்டார்.

மச்சான், நீங்கள்தான் அவளுக்கு ஞானத்தகப்பன், 1949 ஜூன் 12-ம் தேதி அவளைக் கையில் ஏந்தி நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது பிறந்து இரண்டு நாள். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்திலோ ஜூலை 2 என்று இருக்கிறது. காரணம் யார் என்றால் நான்தான். பள்ளியில் சேர்த்த அன்று பாரத்தில் பிறந்த தேதி என்ற இடத்தில் சேர்ந்த தேதியை எழுதியிருக்கிறேன், வருஷத்தை மட்டும் சரியாகப் போட்டிருக்கிறேன். இருபத்தாறு வருஷமாக மற்றவர்கள் எழுதினதைச் சரிபார்க்கும் உத்தியோகத்தில் இருக்கிறவன் செய்த காரியம் இது. அதனால் என்ன என்று கேட்பீர்கள். ஜூலை 1-ம் தேதிக்குப் பதினேழு முடிந்திருக்க வேண்டும் என்பது காலேஜ் விதி. என் கைவேலையால் அவளுக்கு ஒரு நாள் குறைகிறது. அந்த ஆபீசர் நல்லவர், நகல்களில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். தகப்பனார் தன் தவறை ஒப்புக்கொண்டு ஒரு மனு எழுதி, ஞானஸ்நான சர்டிபிகேட்டையும் இணைத்தால் குறைகிற அந்த ஒரு நாளைத் தள்ளுபடி செய்ய பிரின்சிபாலுக்கு அதிகாரம் உண்டு, புத்தகத்திலேயே போட்டிருக்கிறது என்று எனக்கே காட்டிக் கொடுத்தார்.

இனிப் படிப்பு விவரம். முதல் இரண்டு வருஷம் கணக்கோடும் டிராயிங்கோடும் தச்சு வேலை, கொல்லுப் பட்டறை, வார்ப்படம். உங்கள் தங்கை இதைக் கேட்டதும், பெண்ணின் கையில் சம்மட்டியைக் கொடுத்தால் அப்புறம் மோதிரம் போட வருகிறவனுக்கு விரலைக் காட்ட முடியுமா என்று அழுதாள். மூன்றாம் வருஷம் இயந்திரங்கள். நான்காம் வருஷம் தொழிற்சாலையில் எந்த மெஷினை எங்கே வைப்பது, எந்த வேலைக்கு எத்தனை நிமிஷம் என்று கணக்கெடுப்பது. ஐந்தாம் வருஷம் ஆறு வாரம் ஒரு தொழிற்சாலையிலேயே போய்க் கிடக்க வேண்டும். இவ்வளவும் சேர்ந்த பிறகு. சேருவதற்கு முன்னாலேயே ஒரு வேலை வைத்திருக்கிறார்கள். இந்தப் பிரிவுக்கு விண்ணப்பிக்கிறவர்கள் வேலை நடக்கும் ஓர் இடத்தைக் கவனித்து, அங்கே நேரமும் உழைப்பும் எங்கே வீணாகிறது, எப்படிச் சரிசெய்யலாம் என்று நான்கு பக்கத்துக்குக் குறையாமல் எழுதி இணைக்க வேண்டும். இதில்தான் சனி பிடித்தது.

முதலில் சமையலறையில் ஆரம்பித்தாள். பள்ளிக்கூட டிரில் டீச்சரிடம் ஸ்டாப் வாட்ச் இரவல் வாங்கி, காலை ஐந்தரையிலிருந்து எட்டு வரை வாசற்படியில் உட்கார்ந்து தாயார் வைக்கிற ஒவ்வொரு அடியையும் நோட்டில் கோடு போட்டாள். தண்ணீர்க் குடத்துக்கும் அடுப்புக்கும் மட்டும் அறுபத்திரண்டு நடை. மறுநாள் குடத்தை அடுப்புப் பக்கமாக நகர்த்தி, குடம் இருந்த இடத்தில் இட்லி மாவுப் பானையை வைத்துவிட்டாள். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் அதிகாலையில் எழுந்து, கண்ணைக்கூடச் சரியாகத் திறக்காமல், வழக்கம்போலப் போய்ச் சொம்பை முக்கி முகத்தில் அடித்துக்கொண்டேன். மீசையிலிருந்து மாவு போக அரை மணி ஆயிற்று. லூர்து சிரித்ததைப் பக்கத்து வீட்டார் கேட்டிருப்பார்கள். ஆனால் நடை இருபதாகக் குறைந்துவிட்டதாம், முழங்கால் வலி தேவலையாம், அன்றோடு சம்மட்டி அழுகை நின்று அவள் பெண்ணின் கட்சிக்குப் போய்விட்டாள். ஆனாலும் தன் சமையலறையைக் காலேஜுக்கு எழுதி அனுப்பக் கூடாது, நாலு பேர் படித்துச் சிரிப்பார்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

அப்போது நான் செய்த தவறு இது. எங்கள் ஆபீசுக்கு வாம்மா என்றேன். எங்கள் பார்சல் கம்பெனி எவ்வளவு ஒழுங்கு என்று உங்களுக்குத் தெரியும். சரக்கு வரவில்லை, உடைந்தது, ஊர் மாறிப் போயிற்று என்று வியாபாரிகள் கொடுக்கிற புகார் ஒவ்வொன்றும் பதினொரு மேசை தாண்டித்தான் பதில் போகும். நான் ஏழாவது மேசை. ஆறாம் மேசைக்காரர் கையெழுத்து வைத்திருக்கிறாரா என்று பார்த்து, என் கையெழுத்தை வைத்து, எட்டாம் மேசைக்கு அனுப்புவேன். மேனேஜர் வீரமலையிடம் நானே போய் அனுமதி கேட்டேன். என் மகள் இன்ஜினீயரிங்குக்காக வந்து பார்க்கிறாள் என்று எல்லோரிடமும் சொன்னேன். புதன்கிழமை இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு நாள் முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன், முதுகு பிடித்துக்கொண்டது. வியாழன் நான் அவள் காரியமாக ஸ்ரீரங்கம் போய்விட்டேன். காகிதங்களை மேசைக்கு மேசை தூக்கிப்போகும் பியூன் மருதை அவளைப் பார்த்துக்கொண்டார். வெள்ளிக்கிழமையும் வந்தாள். மருதைக்கு ஒரே குஷி, அவர் ஆபீசுக்குள்ளேயே தினம் நான்கு மைல் நடக்கிறார் என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டாளாம், பார்க்கிறவர்களிடமெல்லாம் காலைக் காட்டுகிறார்.

வெள்ளி ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அவள் எழுதின கட்டுரையை ஆசையோடு வாங்கிப் படித்தேன். படம் போட்டிருந்தாள். வேலை நடக்கிற இடத்துக்கு வட்டம், சரிபார்க்கிற இடத்துக்குச் சதுரம், காகிதம் சும்மா கிடக்கிற இடத்துக்கு இன்னொரு குறி. என் மேசைக்குச் சதுரம் இருக்கும் என்று தேடினேன். சும்மா கிடக்கிற குறி இருந்தது. கீழே எழுதியிருந்தாள்: 'ஏழாம் மேசை காலியாக இருந்த வியாழக்கிழமை அன்று ஆறிலிருந்து எட்டுக்குக் காகிதம் நேரே சென்றது. பிழை எதுவும் ஏற்படவில்லை. பதில் இரண்டரை மணி நேரம் முன்னதாகத் தயாரானது.' மூன்றாம் பக்கத்தோடு மடித்து வைத்துவிட்டேன்.

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா, அது உங்களைப் பத்தி இல்லப்பா. மேசையப் பத்தி" என்றாள்.

"மேசைக்குப் பின்னால யாரும்மா உக்காந்திருக்கா?" என்று கேட்டேன். அவள் கட்டுரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மச்சான், எனக்குக் கோபம் இல்லை. இருபத்தாறு வருஷம் ஒரு மனிதன் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, குடும்பம் நடத்தி, ஒரு பெண்ணைப் படிக்க வைத்து, அந்தப் பெண் வந்து மூன்றே நாளில் இந்த நாற்காலி எதற்கு என்று கேட்டால் எப்படி இருக்கும் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். ஆகவே உங்களைக் கேட்டுக்கொள்வது: நீங்கள் தாய்மாமன், ஞானத்தகப்பன், போதாததற்குத் தலைமையாசிரியர். நீ பி.எஸ்ஸி. கணக்கே படி, கணக்கு யாரையும் நோகடிக்காது என்று அவளுக்குக் கண்டிப்பாக ஒரு கடிதம் எழுதுங்கள். கடைசித் தேதி வெள்ளிக்கிழமை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த வயசுத் தள்ளுபடி மனுவை நான் இன்னும் எழுதவில்லை. ஞானஸ்நான சர்டிபிகேட் என் ஆபீஸ் மேசை டிராயரில் இருக்கிறது. அது அங்கேயே இருந்துவிட்டால் ஒரு நாள் குறைவென்று காலேஜே திருப்பி அனுப்பிவிடும், என்மேல் யாருக்கும் வருத்தம் இருக்காது. இது பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லவேண்டிய காரியமா, இல்லையா என்று காலையில் கோயிலில் நின்று ரொம்ப நேரம் யோசித்தேன். வரிசை நீளமாக இருந்ததால் வந்துவிட்டேன்.

அண்ணியாருக்கு எங்கள் தோத்திரமும் பிள்ளைகளுக்கு ஆசீர்வாதமும். மாதாவின் அடைக்கலம் உங்கள் வீட்டின்மேல் என்றும் இருப்பதாக.

தங்கள் அன்புள்ள மச்சான்,
ம. அற்புதசாமி

பின்குறிப்பு (திங்கட்கிழமை மாலை): மேலே எழுதியிருப்பதை எழுதாததாக வைத்துக்கொள்ளுங்கள். வேறு தாளில் எழுதலாம் என்றால் தபால்காரர் பெட்டியைத் திறக்கிற நேரம் ஆகிவிட்டது. நேற்று சாயங்காலம் அமலராணி பூர்த்தி செய்த விண்ணப்பத்தை என்னிடம் கொண்டுவந்து, பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தைக் காட்டிவிட்டு நின்றாள். கையெழுத்துப் போடும் முன் வழக்கப்படி ஒவ்வொரு தாளாகப் பார்த்தேன். ஆபீஸ் கட்டுரையைக் காணோம். அந்த இடத்தில் சமையலறையைப் பற்றி இரண்டரைப் பக்கம் இருந்தது. நான்கு பக்கம் கேட்டிருக்கிறார்களே என்றேன். "பரவால்லப்பா, வர்றது வரட்டும். அந்த இன்னொண்ண அனுப்ப வேணாம்" என்றாள். லூர்து அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. தன் சமையலறையை எழுத அவளே சம்மதம் கொடுத்திருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது.

அதை எடுத்துவா என்று சொல்லி வாங்கி, நான் படிக்காமல் விட்ட நான்காம் பக்கத்தைப் படித்தேன். ஏழாம் மேசையில் இருப்பவருக்கு மார்க்கெட் வியாபாரிகள் அத்தனை பேரையும் குரலை வைத்தே தெரியும், யார் சரக்கு எந்த லாரியில் போயிற்று என்பதும் மனப்பாடம், அவரை வாசல் பக்கம் முதல் மேசையில் உட்கார வைத்தால் பாதிப் புகார்கள் காகிதத்துக்கே வராமல் தீர்ந்துவிடும் என்று எழுதியிருந்தாள். பேர் போடவில்லை. நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் முறை படித்தேன்.

இன்று காலை ஆபீசுக்கு முன்னதாகவே போய் டிராயரிலிருந்து சர்டிபிகேட்டை எடுத்து, தவறு என்னுடையதே என்று மனுவும் எழுதி, பெற்றோர் சம்மதத்தில் கையெழுத்திட்டு, ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிட்டேன். ஆகவே நீங்கள் அவளுக்குக் கண்டித்து எதுவும் எழுத வேண்டாம், நன்றாகப் போய் வா என்று எழுதினால் போதும். சமையலறைக் கட்டுரையை வெளியே எடுத்துவிட்டு, ஆபீஸ் கட்டுரையைத்தான் வைத்தேன். ஒட்டுவதற்கு முன் அவள் போட்டிருந்த நேரக் கணக்கை ஒரு தடவை கூட்டிப் பார்த்தேன். இரண்டரை மணி நேரம் என்று எழுதியிருந்தது தப்பு, இரண்டே முக்கால் வருகிறது. அடித்துத் திருத்தி, ஓரத்தில் என் கையெழுத்தை வைத்து அனுப்பினேன்.