பாசிமணி சாரும் பள்ளுருத்தித் தீயும்

பட்டப்பகலில் கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்பதற்குச் சம்பளம் வாங்கிய ஒரே அரசு ஊழியர் எங்கள் பாசிமணி சார்தான். எழுபதுகளின் பிற்பகுதியில் கொச்சியில் மட்டாஞ்சேரிப் பக்கத்துத் தீயணைப்பு நிலையம் ஒன்றில் அவர் ஆபீசர், நான் குமாஸ்தா. சார் பாலக்காட்டுக்காரர். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயரைச் சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் யாரும் பார்த்ததில்லை.

வந்த முதல் வாரமே, ஊர் வரைபடத்தைச் சுவரில் மாட்டினார். பெண்கள் கோத்துப் போடுவார்களே, அந்தச் சிவப்புப் பாசிமணியைப் பொட்டலமாக வாங்கிவந்து, பழைய தீ விபத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு மணியைக் குண்டூசியில் குத்தினார். ஓட்டுக்கூரைக் கண்ணாடி வழியே வெயில் இறங்கும்போது சுவர் முழுக்க மினுமினுக்கும். காயலிலிருந்து காற்று வரும். காற்றில் சுக்கு மணக்கும். சார் அதன்முன் நாற்காலி போட்டு, ஆறிப்போன சாயாவோடு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். வண்டி ஓட்டும் சேட்டன் கதவருகே நின்று என்னிடம் கிசுகிசுப்பார்: "சாரு சினிமா காணுதா?"

அந்தச் சமயத்தில் எங்களுக்கு ஒரு சின்ன பம்பு வண்டியும் சில ஆட்களும் கூடுதலாகக் கிடைத்தார்கள். அவர்களை எங்கே நிறுத்துவது என்று சார் எழுதிக் கொடுக்க வேண்டும். ஜூ டவுன் என்ற யூதர் தெருவின் கோடவுன்காரர்கள் முந்திரிப் பருப்புத் தட்டோடு வந்து, தங்கள் பக்கமே வேண்டும் என்றார்கள். வரைபடமும் அதைத்தான் சொன்னது. அங்கே மணிகள் அப்பிக்கிடந்தன. தெற்கே பள்ளுருத்தியோ துடைத்துவிட்டது போல இருந்தது.

ஆனால் சார் எழுதவில்லை. நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப்போட்டார்.

"சேட்டா, பள்ளுருத்தி பூரா ஓலைக்கூரை. ஏன் ஒரு மணிகூட இல்லை?"

"அவிடத்து ஆளுங்க பாவம் சாரே. தீக்கும் மனசு வராது."

"கோடவுன்ல என்னவெல்லாம் இருக்கு?"

"சுக்கு, மிளகு, சாக்கு, போன்..."

சார் துள்ளி எழுந்ததில் சாயா என் கோப்புகள்மேல் கொட்டியது. "போன்! நாம குத்தி வச்சிருக்கறது தீயை இல்லை, போன் வந்த இடத்தை!"

மறுநாளே என்னையும் இழுத்துக்கொண்டு பள்ளுருத்திக்குப் போனார். எங்கள் தமிழ் ஆட்கள் நிறைய இருந்த குடிசை வரிசை அது. மீன் விற்கும் பேச்சியம்மாள்தான் முதலில் வாய் திறந்தாள்.

"தீயா? போன வேனல்ல இந்தக் கோடி முழுக்கப் போச்சு சாரே."

"எங்களுக்கு ஏன் சொல்லலை?"

"போன் இருக்கற கடைக்கு ஓடித் திரும்பறதுக்குள்ள கூரை தலைல வீழும். கிணத்து வெள்ளம் கோரி நாங்களே ஊத்தி அணைச்சுக்குவோம்."

அரசாங்கம் தீயைக் கணக்கெடுக்கிறது என்ற செய்தி பரவியதும் கூட்டம் கூடிவிட்டது. ஒருத்தி, "என் கப்பைக் கிழங்கு அடிபிடிச்சுக் கரிஞ்சுது, அதையும் சேத்துக்குங்க" என்றாள். ஒரு கிழவர் பீடியால் பொசுங்கிய மீசையைக் காட்டினார். சார் குனிந்து, மீசையை அக்கறையாகப் பரிசோதித்து, "இது பக்கத்து வீட்டுக்குப் பரவலையே அண்ணாச்சி" என்று வருத்தத்தோடு தள்ளுபடி செய்தார்.

அதன்பின் வரைபடத்தின் தெற்குப் பகுதியும் சிவந்தது. எறணாகுளத்திலிருந்து வந்த பெரிய ஆபீசருக்கு முகமும் சிவந்தது.

"பதிவே ஆகாத தீயை எப்படிய்யா கணக்குல சேக்கறது?"

"கரி இன்னும் சுவர்ல இருக்கு சார். வந்து தொட்டுப் பாருங்க."

பெரியவர் வந்தார், தொட்டார், மறதியாக வெள்ளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். அந்தக் கறையைப் பார்த்தபடியே கையெழுத்துப் போட்டார். சின்ன வண்டி பள்ளுருத்திக்குப் போனது.

சார் அதோடு விடவில்லை. வேலைக்குப் போனவர்கள் திரும்பாத மத்தியானத்தில்தான் அங்கே அதிகம் தீப்பிடிக்கிறது என்று கண்டுபிடித்து, பாதிக்குமேல் ஆட்களை அந்த நேரத்துக்கு மாற்றினார். ஆட்களின் மத்தியான உறக்கம் போயிற்று. எங்கள் நிலையத்தில் அதுவரை நடந்த மிகப் பெரிய விபத்து அதுதான் என்று சேட்டன் ஒப்பாரி வைத்தார்.

அடுத்த கோடையில், ஒரு மத்தியானம், பேச்சியம்மாளின் கூரை பற்றியது. பிள்ளைகள் கூவிக்கொண்டு ஓடிவர, விழித்திருந்த ஆட்கள் வண்டியைக் கிளப்பினார்கள். செய்தி கேட்டு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, பக்கத்துக் கூரைகள் எல்லாம் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தன. அவள் வீடு மட்டும் போயிருந்தது. வரிசை பிழைத்தது. எல்லோரும் சாரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவரோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், சேற்றில் பேச்சியம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இதுவும் போகாம இருக்கணும் அம்மா. எப்படின்னுதான் தெரியலை."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகலையே சாரே, அது போதும்" என்றாள். புகை மெல்லக் கலைந்து தென்னைகளுக்கு மேலே போவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் சாருக்கு மாற்றல் வந்தது. விழா, மாலை எதற்கும் நிற்காமல் போய்விட்டார். பிறகொரு நாள் மார்க்கெட்டில் பேச்சியம்மாள் என்னை நிறுத்தினாள்.

"சாரு எவிடே போச்சு?"

"மூணாறு பக்கம், மலைக்கு மேலே."

அவள் கையிலிருந்த அயிலை மீனைக் கூடையில் போட்டாள்.

"அங்க பயங்கரக் குளிராச்சே. கம்பளி ஏதாவது கொண்டுபோச்சா அது?"

தெரியாது என்றேன். அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை.