ஆதாரம்: உறையூர் நல்லுசாமி

"மூணு புத்தகத்துலயும் ஒரே மாதிரிதான் சார் இருக்கு!" என்றாள் சந்திரம்மாள்.

"அதான் எனக்குப் பயமா இருக்கு," என்று பேராசிரியர் அடைக்கலராஜ் கட்டுரையைத் திருப்பி நீட்டினார். "யாரைப் பாத்து யார் எழுதினாங்கன்னு பாத்தியாம்மா? போய்ப் பாரு. புதன்கிழமை காலையில கொண்டா."

கட்டுரை, உறையூரில் ஒரு நெசவாளர் தெருவைப் பற்றியது. அந்தத் தெருவில் செவ்வாய்க்கிழமை மத்தியானம் தறி ஓடாதாம். என்றோ செத்துப்போன ஒரு ராஜாவுக்குத் துக்கமாம். அதைப் புத்தகத்தில் எழுதிய மூவரும் பெரிய பெரிய பட்டம் வாங்கியவர்கள். அவர்களையே சந்தேகப்படு என்றால் உப்பிலியபுரத்துப் பெண் எங்கே போவாள்? இதில் நல்ல மார்க்கு வராவிட்டால் எம்.ஏ. போதும், வீட்டுக்கு வா என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மாப்பிள்ளைகூடத் தயாராக இருந்தான், பாவி.

நூலகத்தில் உட்கார்ந்து அடிக்குறிப்புகளைத் துருவினாள். மூன்றாமவர் இரண்டாமவரைக் கைகாட்டினார். இரண்டாமவர் முதலாமவரைக் கைகாட்டினார். முதலாமவரோ, 'உறையூர் நல்லுசாமி நேரில் சொன்னது' என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். ஆக, மூன்று சாட்சியும் ஒற்றைச் சாட்சிதான்.

சரி, அந்த ஒருவரையாவது பிடித்துவிடுவோம் என்று, கட்டுரை கொடுக்க வேண்டியதற்கு முந்தின நாள் மத்தியானம் டவுன் பஸ் ஏறினாள்.

நல்லுசாமி வாயெல்லாம் சிரிப்பாக வரவேற்றுப் பாய் விரித்தார். வீட்டுக்கு வீடு ஒரே இரைச்சல். குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"ஐயா, செவ்வாய்க்கிழமை நீங்க தறியை நிறுத்துறது ராஜா செத்த துக்கத்துக்குத்தானே?"

"ஆமாம்மா!"

அப்பாடா! எழுந்துவிடலாம் என்று பார்த்தாள். பேராசிரியரின் முகம் நினைவுக்கு வந்து தொலைத்தது. கொஞ்சம் மாற்றிக் கேட்டுப் பார்த்தாள்.

"ராஜா இல்லை, ராணின்னும் சொல்றாங்களே?"

"ராணிதாம்மா. பாவம், தங்கமான பொம்பளை."

"மழைக்கு வேண்டிக்கிட்டு நிறுத்துறதாவும்..."

"பின்னே? மழை வேணாமா?"

"ஒருவேளை காரணமே இல்லையோ?"

"அதுவும் சரிதாம்மா," என்றார் நல்லுசாமி, இன்னும் சந்தோஷமாக.

கேட்கக் கேட்க, இருந்த ஒரு காரணமும் கையைவிட்டுப் போயிற்று. சந்திரம்மாளுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. மோர் கொண்டுவந்த அவர் மனைவி பொன்னுத்தாய் அதைப் பார்த்துப் பதறிப்போனாள்.

"அட, இவரைப் போய்க் கேட்டியா? தேடி வந்தவங்க முகம் வாடிடக் கூடாது இவருக்கு. எது கேட்டாலும் ஆமாம்தான். முன்னாடி ஒரு வாத்தியாரு வந்து ராஜா ராஜான்னாரு. இவரும் ஆமாம் ஆமாம்னாரு. அவரு மோரைக் குடிச்சிட்டுச் சிரிச்சிக்கிட்டே போனாரு."

"நீங்களாச்சும் நெசத்தைச் சொல்லுங்கம்மா," என்று சந்திரம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "என் படிப்பே இதுலதான் இருக்கு. செவ்வாய்க்கிழமை மத்தியானம் தறியை எதுக்குத்தான் நிறுத்துறீங்க?"

பொன்னுத்தாய் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னைக்குச் செவ்வாக்கிழமைதானே கண்ணு? வந்ததுலேர்ந்து நீ இந்தத் தறிச் சத்தத்துக்கு மேலதானே கத்திக்கிட்டிருக்கே?"