மெஷின் மேல போட்ட பிராது

மனுஷன் மேல மனுஷன் கேஸ் போடறது இன்னா பெரிய விஷயம்? ஜாமான் மேலயே கேஸ் போட்டு, அதைக் கோர்ட்டுப் படி ஏத்தின ஒரே ஆளு இந்த உலகத்துலயே ஆம்பூர்ல எங்க தெருவுல இருந்த 'பிராது' தான். சொந்தப் பேரு அவருக்கே மறந்து போச்சும்பாங்க. ஊதுவத்திக்குக் கை கால் மொளச்ச மாதிரி ஒடம்பு. பேச ஆரம்பிச்சா மட்டும் தாசில்தார் கொரலு.

தண்ணி வரலன்னு பாலாத்து மேலயே பிராது குடுத்தவரு. தான் கீழ போனா மட்டும் அணையுதுன்னு தெரு விளக்குக் கம்பத்து மேல ஒண்ணு. ரெண்டும் தள்ளுபடி. "தோத்துட்டீங்களே"ன்னா, "தோக்கலடா. அதுங்க ஆஜராகல. எவன் ஆஜராகலியோ அவன் தான் குத்தவாளி"ம்பாரு.

அப்பத்தான் பஜார் காபி கிளப்புல ஒரு சீமை மெஷின் வந்து எறங்குச்சு. இரும்புப் பொட்டி, பக்கத்துல ஒரு கைப்பிடி. காசு போட்டு இழுத்தா உள்ள மூணு சக்கரம் சுத்தும். மூணுலயும் மணிப் படம் வந்து நின்னா காசு கொட்டும். நிக்காது.

எங்க அண்ணன் அந்தோணிக்குத் தோல் பதனிடற ஷாப்புல வேலை. தோல்ல ஒட்டின சதையைக் கத்தியால சீவறதுல சூரன், தோல்ல ஒரு கீறல் விழாது. அந்தக் கைத் திமிரு தான் அவனைக் கெடுத்துச்சு. "மத்தவன் இழுக்கிற மாதிரி இல்லடா நான் இழுக்கிறது. என் கை அதுக்குப் பழகிக்கினு வருது, பாரு"ம்பான். கூலி போச்சு, அண்ணி கம்மல் போச்சு.

அதுக்கப்புறம் நடந்தது தான் பேஜாரு. சோறு திங்கும்போது அவன் வலது கை தானா எழும்பி, காத்தைப் புடிச்சுக் கீழ இழுக்கும். அவன் கண்ணு தட்டுலயே இருக்கும், அவனுக்கே தெரியாது. அண்ணி அந்தக் கையை அமுக்கிப் புடிச்சா, அவங்க பிடிக்குள்ளயே இழுத்துக்கினு கெடக்கும்.

அண்ணி அழுதுக்கினே பிராதுகிட்ட போனாங்க. அவரு என்னையும் கூட்டிக்கினு நேரா காபி கிளப்புக்கு வந்து, மெஷின் மேல காதை வச்சாரு.

"இன்னா ஐயா கேக்குது?"

"மூச்சு விடுதுடா."

நான் சயின்ஸ் காலேஜு ஆளு, சிரிச்சேன். சும்மா ஒரு தமாஷுக்கு நானும் காதை வச்சேன். உள்ள ஏதோ ஒண்ணு நின்னு நின்னு, மெதுவா, டிக்குன்னுச்சு. கடையில நாங்க தான் இருந்தோம், யாரும் காசு போடல. அன்னிக்கு நான் காபி குடிக்கல.

வேற எவனா இருந்தாலும் கடை முதலாளி மேல கேஸ் போட்டிருப்பான். பிராது எழுதினதோ, முதல் குத்தவாளி மெஷின், அதுக்கு ஒத்தாசை பண்ணவன் முதலாளி. கோர்ட்டு குமாஸ்தா தலையில அடிச்சுக்கினு அதை மாத்தி எழுதினாரு. ஆனா சாட்சிப் பொருளா மெஷினைக் கொண்டாரணும்னு உத்தரவு ஆச்சு. மாட்டு வண்டியில ஏத்தி, கோர்ட்டு வராந்தாவுல எறக்கி வச்சாங்க.

முதலாளியோட வக்கீல் எழுந்து, "இது சூதே இல்லீங்க. முழுக்கக் கைத்திறமை. இழுக்கிற கைக்குத் தகுந்த மாதிரி பலன்"னு நெஞ்சை நிமித்தினாரு. பின்னாடி பெஞ்சுல எங்க அண்ணன் ஆமா ஆமான்னு தலையாட்டறான். யாருக்காக கேஸ் நடக்குதோ அவனே எதிர்க்கட்சி.

பிராது எழுந்தாரு. "ஐயா, சாட்சி வெளிய நிக்குது. முறைப்படி கூப்பிடச் சொல்லுங்க."

மாஜிஸ்ட்ரேட்டுக்குப் பசி நேரம். தொலையுதுன்னு, பேர் சொல்லிக் கூப்பிடற டவாலியைப் பாத்துக் கண்ணைக் காட்டினாரு. டவாலி வாசல்ல போய் நின்னான். சாட்சியைக் கூப்பிடறதுன்னா மூணு தரம் கூப்பிடணும், அது வழக்கம்.

"மெஷின்."

ஜனங்க சிரிச்சாங்க.

"மெஷின்."

இன்னும் ஜாஸ்தி சிரிப்பு.

"மெஷின்."

வராந்தாவுல அதும் பக்கத்துல ஒரு ஈ காக்கா இல்ல. கைப்பிடி தானா கீழ எறங்குச்சு. சக்கரம் சுத்துச்சு. ஒரு மணி நின்னுச்சு, ரெண்டாவது நின்னுச்சு, மூணாவதும் நின்னுச்சு. செங்கல் தரையில காசு கொட்டற சத்தம் மட்டும் கேட்டுது. ஒருத்தனும் பொறுக்கப் போகல.

டவாலி உள்ள திரும்பி, ஹீனமான கொரல்ல, "ஐயா, ஆஜர்"ன்னான்.

மாஜிஸ்ட்ரேட்டு வக்கீலைப் பாத்தாரு. "கைத்திறமைன்னீங்களே. இது யார் கை?"

வக்கீல் உக்காந்துட்டாரு. சூதுதான்னு தீர்ப்பு ஆச்சு, முதலாளிக்கு அபராதம், மெஷின் பறிமுதல். வண்டி குலுக்கல்ல ஸ்பிரிங்கு கழண்டிருக்கும்னு நான் இன்னிக்கும் சொல்றேன். கொஞ்சம் சத்தமாவே சொல்லுவேன்.

அண்ணன் மட்டும் பெஞ்சை விட்டு எழல. வலது கையைத் திருப்பித் திருப்பிப் பாத்தான். "அப்போ இத்தினி நாளும் என் கைக்கு அதுல வேலையே இல்லியாடா"ன்னான். சொல்லும்போதே அந்தக் கை எழும்பிக் காத்தை இழுத்துச்சு.

பிராது வந்து ரெண்டு கையாலயும் அதைப் புடிச்சுக்கினாரு. ஜென்மத்துல ஜெயிச்ச முதல் கேஸு, ஊரே கூடி நிக்குது, அவரு அந்தப் பக்கம் திரும்பியும் பாக்கல. அவரு ஒதடு வெளுத்துப் போயிருந்துச்சு. எங்க ரெண்டு பேரை விட அவருக்குத் தான் பயம்னு அப்பத்தான் தெரிஞ்சுது. ஆனா விடல. பஜாரு தாண்டி, தோல் ஷாப்பு தாண்டி, வீடு வரைக்கும் அப்படியே கூட்டிக்கினு வந்தாரு.

அண்ணி வாசல்ல நின்னு, "விடுங்கய்யா, வீடு வந்துருச்சு"ன்னாங்க.

"இரும்மா, இன்னும் இழுக்குது"ன்னு சொல்லி, அது அடங்கற வரைக்கும் வெயில்ல நின்னுக்கினே இருந்தாரு.