கிளெம் மரத்தை வெட்டப்போகிறார்கள்

மால்வுட், விக்டோரியா
ஜூலை, ஞாயிறு மாலை

அன்புத் தங்கை மைர்ட்டிலுக்கு, அண்ணன் ஆர்ச்சி ஆசிகளுடன் எழுதுவது. ஹோபார்ட்டில் நீயும் மாப்பிள்ளையும் அவருடைய மூட்டுவலியும் சௌக்கியம் என்று நம்புகிறேன். இங்கே என் முழங்காலையும் கோழிகளையும் ஊர்மன்றத்தையும் கழித்துவிட்டால் மற்றபடி எல்லாம் சுகம்.

விஷயம் இதுதான். போருக்குப் போனவர்கள் பேரில் ஆளுக்கொரு மரம் நட்டார்களே, அந்த வீரர் சாலையில் நம் தம்பி கிளெம்மின் எல்ம் மரம் உள்ளே அழுகிவிட்டதாம். மன்றத்து ஆள் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு, "காலிப் பீப்பா மாதிரி சத்தம் வருது, வெட்டியாகணும்" என்றான். பக்கத்திலேயே என் பேரில் நிற்கிற மரம் கல்லுப்போல இருக்கிறதாம். இருக்காதா பின்னே? அம்மா சாகிற வரைக்கும் குளித்த தண்ணீர், துவைத்த தண்ணீர் எல்லாவற்றையும் தகர டின்னில் சுமந்துபோய்க் கிளெம் மரத்துக்கே கொட்டினாள். என் மரத்துக்கும் ஒரு வாய் ஊற்றேன் என்று ஒரு தடவை கேட்டதற்கு, "நீதான் முழுசா திரும்பி வந்துட்டியேடா, உனக்கென்ன கேடு? அவனுக்கு இத விட்டா வேற என்ன இருக்கு?" என்றாள். பிரான்சில் அவன் எந்த மண்ணுக்குள் கிடக்கிறான் என்று ராணுவத்துக்கே தெரியாது, அவளுக்கு அந்த மரம்தான் கல்லறை. ஆனால் பாசத்தைக் கொட்டிக் கொட்டியே வேரை அழுக வைத்துவிட்டாள், பாவம்.

நான் சாலைக் கமிட்டிக்குப் போனேன். திருமதி பிரிட்சர்ட் கேக்கை நீட்டிக்கொண்டே, "கிளெம்முக்குப் புதுசா ஒரு கன்னு வெச்சுடுவோம், ஆர்ச்சி" என்கிறாள். "கன்னு வளர்றதுக்குள்ள நான் போயிடுவேன். என் மரத்துல அவன் பேரை மாட்டுங்க, அழுகினது என் பேர்ல போகட்டும்"னேன். "ஐயோ, உசுரோட இருக்கிற ஆள் பேரு போட்ட மரத்த வெட்டுறதா! மறுநாளே நீங்க மண்டையப் போட்டா பழி எங்க தலையில விழும்"னு ஒரே கூச்சல். கூட இருந்த கிழடு ஒண்ணு, "ஆர்ச்சிய ஜெர்மன்காரனாலயே ஒண்ணும் பண்ண முடியல, கோடாலியா பண்ணிடும்?"னு சிரிச்சுது. எனக்குச் சிரிப்பு வரலை மைர்ட்டில். கிளெம் ஒருதடவை செத்தது போதாதா?

அதனால இன்னிக்கு ஊரே கோயில்ல பாட்டுப் பாடிக்கிட்டிருந்தப்போ, ஏணியும் திருப்புளியுமா போயி பேர் பொறிச்ச ரெண்டு பித்தளைத் தகட்டையும் மாத்தி மாட்டிட்டேன். நடுவுல போலீஸ்காரர் சைக்கிள்ல வந்து, "என்ன பெரியவரே, தகட்டுக்குப் பாலிஷா?"ன்னார். "ஆமாங்க"ன்னேன். நல்ல பிள்ளை, ஏணியை வேற பிடிச்சுக்கிட்டார். இனி அழுகின மரம் என் பேரோட போகும், நல்ல மரம் கிளெம் பேரோட நூறு வருஷம் நிக்கும். ரொம்ப நாளைக்கப்புறம் இன்னிக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. கடவுள் உங்கள் இருவரையும் குளிரிலிருந்தும் கமிட்டிகளிலிருந்தும் காப்பாராக.

இப்படிக்கு,
அண்ணன் ஆர்ச்சி

பின்குறிப்பு: ஏணியேறிய முழங்கால் வீங்கிப்போய் இதை இன்னும் தபாலில் சேர்க்கவில்லை. இன்று செவ்வாய். கடைசியில் நொண்டிக்கொண்டு சாலைக்குப் போனால் வேலை முடிந்திருக்கிறது. மேஸ்திரி டெஸ் தொப்பியைக் கழற்றிவிட்டு, "கிளெம் மரத்த வெட்டச் சொன்னாங்க பெரியவரே. இலை கொட்டுன காலத்துல எல்லா மரமும் ஒண்ணாத்தான் தெரியுது, தகட்டைப் பாத்து வெட்டினோம். அழுகல்னாங்க, உள்ள பார்த்தா இரும்பு!" என்றான். நல்ல மரம் போய்விட்டது. அம்மா தண்ணீர் ஊற்றியது நிற்கிறது, என் பேரோடு. உண்மையைச் சொன்னால் அதையும் வெட்டிவிடுவார்கள், அதனால் டெஸ்ஸுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். இனி அது கிளெம் மரம் என்று தெரிந்தவர்கள் நீயும் நானும்தான். அடுத்த பெருங்காற்றுக்கு முன்னால் ஒருதடவை வந்து பார்த்துவிட்டுப் போ, மைர்ட்டில்.