வெந்நீர் ஊற்றும் மேல்மாடி சகுந்தலாவும்

ஐம்பத்திரண்டாவது வயதில் கருத்துச் சுதந்திரத்துக்காகப் போராடுவது என்று முடிவெடுத்தேன்.

நான் விளையாடுகிற யப்பானிய வீடியோ கேமில் ஒரு பெண் தளபதி இருக்கிறாள். வயது நாற்பது. போர் முடிந்ததும் வெந்நீர் ஊற்றில் குளிப்பாள். நான் வாங்கிய ஆங்கிலப் பதிப்பில் அவள் கழுத்துக்குக் கீழே ஒரே நீராவி. எங்கள் குசினியில் ஐம்பது பேருக்கு இடியப்பம் அவித்தாலும் அவ்வளவு ஆவி வராது. வெளிநாட்டுக்காரருக்கென்று மூடினார்களாம். யப்பான் பதிப்பில் மூடலே இல்லையாம். நான் கத்தோலிக்கன், ஆவியை மதிப்பவன். ஆனாலும் இந்த ஆவியை மன்னிக்க முடியவில்லை. யப்பானிலிருந்தே ஒன்று எடுப்பித்தேன்.

நான் வேலையில் நின்ற நேரம் பார்சல் வந்துவிட்டது. மனைவி மரியகொறற்றி அதை உடைத்து மேசையில் வைத்திருந்தாள்.

“என்னப்பா இது? இதே கேம் வீட்டில கிடக்குது. அதே பொம்பிளை, அதே வாள்.”

“அது இங்கிலீஷ். இது யப்பான். பாஷை படிக்கப் போறன்.”

“ஒஸ்லோவுக்கு வந்து இருபத்தெட்டு வருசம். டொக்டரிட்டைப் போனா இன்னும் உங்களுக்காக நான்தான் நொர்ஸ்க் பாஷை கதைக்கிறன்.”

“அதுதான், யப்பானாவது படிப்பம் எண்டு.”

அவள் சண்டை பிடிக்கவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை பின்னேரம் கதவு மணி அடித்தது. மேல்மாடி சகுந்தலா. தமிழ்நாட்டுக்காரி. இங்கே வருமுன் ஆறு வருடம் தோக்கியோவில் கணினி வேலை பார்த்தவர்.

“ஜாப்பனீஸ் கத்துக்கிறீங்களாமே அண்ணா! சூப்பர். கேம் போடுங்க, நான் ட்ரான்ஸ்லேட் பண்றேன்.”

“இண்டைக்கு எனக்குத் தலையிடி...”

“போடுங்கோப்பா,” என்றாள் மரியகொறற்றி. தேத்தண்ணியும் ரோல்ஸும் ஏற்கெனவே தயாராக இருந்தன.

நான் போர்க்களத்தை விட்டு நகரவேயில்லை. எதிரி இல்லாத இடத்தில் வாள் வீசினேன். வேண்டுமென்றே நான்கு தரம் செத்தேன். ஐந்தாம் தரம் எதிரி செத்துத் தொலைந்தான்.

வெந்நீர் ஊற்று வந்தது. ஆவி இல்லை. ஐம்பத்தைந்து அங்குலத் திரையில் தளபதி எழுந்து நின்று, நீளமாக ஏதோ பேசினாள். சகுந்தலாவின் கையில் ரோல்ஸ் பாதி வழியில் நின்றது.

“என்ன சொல்லுறா?” மரியகொறற்றி கேட்டாள்.

“அது வந்து... தண்ணி நல்லா சூடா இருக்காம்.”

“இவ்வளவு நேரம் கதைச்சது அவ்வளவுதானோ?”

“கொஞ்சம் சுருக்கிச் சொன்னேன் அக்கா.”

யப்பானிலிருந்து நான் தப்பவைத்துக் கொண்டுவந்த தளபதியை, என் சோபாவில் இருந்தபடியே இன்னொருவர் மூடிக்கொண்டிருந்தார். அடுத்த நாள் கோயிலில் வாசகம் வாசிக்க வேண்டிய வாய் காய்ந்துபோனது. கன்ட்ரோலர் நழுவி சோபாவுக்குக் கீழே போனது. எடுக்கக் குனிந்த நான் அங்கேயே தங்கிவிட்டேன்.

“அண்ணா,” சகுந்தலாவின் குரல் மேலேயிருந்து வந்தது, “இது பிகினர்ஸுக்கு இல்ல. குழந்தைங்க புக் ஒண்ணு குடுத்து விடறேன்.”

கதவு சாத்துப்பட்ட பிறகுதான் வெளியே வந்தேன்.

“மன்னிச்சுக்கொள், கொறற்றி. பாஷை எண்டது பொய்.”

“தெரியும்.”

“எப்பிடி?”

“நீங்கள் வேலைக்குப் போன நேரங்களில இங்கிலீஷ் கேமை, அந்த ஆவியோட சேர்த்து, நான் விளையாடி முடிச்சிட்டன்.”

“முழுக்கவோ?”

“ஓம். கடைசியில அவ பொய் சொன்ன புருசனை ரெண்டாய் வெட்டுறா. அதை ஒருத்தரும் மூடேல்லை.”